நீல ஹைட்ரேஞ்சியா: தரையில் நடுவதா, தொட்டியில் வளர்ப்பதா?

நாற்றுப் பண்ணையில் நீலமாகப் பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாவை ஆசையாக வாங்கி வந்து நடுகிறோம். அடுத்த பருவத்தில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. செடியை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. யாரும் எதையும் மாற்றவில்லை. பண்ணையில் அமிலத்தன்மையுள்ள மண்கலவையும் அலுமினியமும் கொடுத்து வளர்த்தார்கள். வீட்டு மண்ணில் அவை கிடைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இது தெரிந்ததும் பெரும்பாலோர் கேட்பது, "எந்தப் பொடியைப் போடலாம்?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. செடி தரையில் நிற்கப்போகிறதா, தொட்டியிலா என்பதே முதல் கேள்வி. அதற்கு எந்தத் தண்ணீரை ஊற்றப்போகிறோம் என்பது இரண்டாவது. இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் பொடிக்கு வேலை மிகக் குறைவு. இரண்டிலும் கோட்டைவிட்டால் மூட்டை மூட்டையாகப் பொடி வாங்கிக் கொட்டினாலும் பூ இளஞ்சிவப்பிலேயே நிற்கும்.

நீலத்தின் கணக்கு

இளஞ்சிவப்புப் பூவிலும் நீலப் பூவிலும் இருக்கும் நிறமி ஒன்றேதான். டெல்ஃபினிடின் என்ற ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்தது அது. அதனுடன் அலுமினியம் அயனியும், பூவிலேயே இருக்கும் சில கரிம அமிலங்களும் சேரும்போது நீலம் பிறக்கிறது. அலுமினியம் கிடைக்காவிட்டால் அதே நிறமி இளஞ்சிவப்பாகத் தெரிகிறது; அரைகுறையாகக் கிடைத்தால் ஊதா. ஒரே செடியில் ஒரு கிளை நீலமாகவும் பக்கத்துக் கிளை ஊதாவாகவும் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர்கள் பரவியிருக்கும் மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதையே அது காட்டுகிறது.

அலுமினியம் மண்ணில் அரிதான பொருள் அல்ல. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கும் சிலிக்கானுக்கும் அடுத்தபடி அதிகம் இருப்பது அதுதான். களிமண்ணில் அது தாராளமாக உண்டு. ஆனால் கரையாத வடிவில் கிடக்கிறது. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு (7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 5.5-க்குக் கீழே இறங்கும்போதுதான் வேர் உறிஞ்சும் வகையில் அது கரைந்து வருகிறது. 6-ஐத் தாண்டிவிட்டால் மறுபடியும் பூட்டிக்கொள்கிறது. அமிலத்தில் லிட்மஸ் தாள் சிவப்பாகும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு, அமில மண்ணில் நீலமாகப் பூக்கும் இந்தச் செடி தலைகீழாக நடந்துகொள்வதுபோல் தோன்றலாம். மண்ணின் அமிலம் பூவுக்கு நேராக நிறம் தீட்டுவதில்லை. அலுமினியத்தைக் கரைத்து வேருக்குக் கொடுப்பதோடு அதன் பங்கு முடிந்துவிடுகிறது.

ஆகவே நீலத்துக்குத் தேவை இரண்டு: அமிலத்தன்மையும் வேண்டும், அலுமினியமும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் பலன் இல்லை. தரைக்கும் தொட்டிக்கும் இடையிலான ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான் நடக்கிறது. தரையில் பெரும்பாலும் அலுமினியம் இருக்கும், அமிலம் இருக்காது. தொட்டியில் அமிலத்தை நாமே அமைத்துவிடலாம், ஆனால் அலுமினியம் இருக்காது.

அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள அசோரஸ் தீவுக்கூட்டத்தில் ஃபயால் என்றொரு தீவு. அதற்கு நீலத்தீவு என்று பட்டப்பெயர். மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே வேலியாகவும் சாலைகளின் இருமருங்கிலும் ஹைட்ரேஞ்சியா நீல நீலமாகப் பூத்துக் கிடப்பதால் வந்த பெயர் அது. வேலியில் நிற்கும் செடிக்கு யாரும் பொடி கரைத்து ஊற்றிக்கொண்டிருப்பதில்லை. எரிமலைப் பாறையிலிருந்து உருவான அமில மண், ஈரக்காற்று, மழை ஆகியவையே போதுமானவையாக இருக்கின்றன. இடம் பொருந்தினால் இந்தச் செடி எவ்வளவு எளிதாக நீலமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மண்ணைச் சோதிக்காமல் முடிவெடுக்க வேண்டாம்

செடி நிற்கப்போகும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, இரண்டு மூன்று இடங்களிலிருந்து மண் எடுங்கள். மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தால் மக்கிய இலைகளின் தன்மைதான் தெரியும், வேர் இருக்கப்போகும் மண்ணின் தன்மை தெரியாது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பி.ஹெச். தாளை நனைத்துப் பார்க்கலாம். குழாய்த் தண்ணீரில் கலக்கக் கூடாது. அந்தத் தண்ணீரின் அளவும் சேர்ந்து முடிவைக் கெடுத்துவிடும். ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க வாய்ப்பு இருந்தால் அதுவே சிறந்தது.

இதோடு இன்னொரு சோதனையையும் செய்யச் சொல்வேன். உலர்ந்த மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பி, அதன்மேல் வினிகரை ஊற்றி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் 'உஸ்' என்று நுரைக்கும் ஓசை கேட்கும். சிறு குமிழிகள் எழுந்து உடைவது கண்ணுக்கும் தெரியும். குறைவாக இருந்தால் ஓசை மட்டும் கேட்கும், நுரை தெரியாது. பி.ஹெச். அளவு இன்றைய நிலையைச் சொல்கிறது. இந்த நுரை, அந்த நிலையை மாற்ற முயன்றால் மண் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. முடிவெடுக்க எனக்கு இரண்டாவது செய்திதான் அதிகம் உதவுகிறது.

தரை

தரையில் நட்ட ஹைட்ரேஞ்சியாவின் அழகு தனி. ஆள் உயரத்தை நெருங்கி, அதே அளவு அகலத்துக்கும் விரிந்து, பருவத்தில் இலையே தெரியாமல் பூத்து நிற்கும். வேர் பரவ இடம் இருப்பதால் ஓரிரு நாள் தண்ணீர் தவறினாலும் தாங்கும். உரத்தில் சிறு தவறு நேர்ந்தாலும் சுற்றியுள்ள மண் அதை வாங்கிக்கொண்டு செடியைக் காப்பாற்றிவிடும். மண் இயல்பாகவே அமிலமாக இருந்தால், அதாவது பி.ஹெச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. தரையில் நடுங்கள். மூடாக்கு போட்டு ஈரம் காத்தால் போதும். நீலம் தானாக வரும்.

5.5-க்கும் 6.5-க்கும் இடைப்பட்ட மண், வினிகருக்கு நுரைக்கவும் இல்லை என்றால் தரையில் முயன்று பார்க்கலாம். நடுவதற்குப் பல மாதங்கள் முன்பே கந்தகத் தூளை மண்ணில் கலந்து, மக்கிய இலையையும் பைன் மரப்பட்டையையும் சேர்த்துத் தயார் செய்தால் பெரும்பாலும் பலன் கிடைக்கும். நடுவில் ஓரிரு பருவங்கள் ஊதாவாகப் பூக்கலாம். அந்த ஊதாவும் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

மண் 7-ஐத் தாண்டி, வினிகருக்கு நுரைக்கவும் செய்கிறது என்றால் தரையை விட்டுவிடுங்கள். பி.ஹெச். அளவுகோலில் ஓர் எண் இறங்குவது என்றால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுவது. 7.5-லிருந்து 5.5-க்கு இறங்குவது என்றால் நூறு மடங்கு. அதுவே கடினம். சுண்ணாம்பு மண்ணில் அதற்கும் மேல் ஒரு தடை உண்டு: நாம் சேர்க்கும் அமிலம் ஒவ்வொரு துளியும் முதலில் சுண்ணாம்போடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். சுண்ணாம்பு முழுவதும் தீர்ந்த பிறகுதான் பி.ஹெச். அசையும். பக்கத்து மண்ணிலிருந்து நீரோடு புதிய சுண்ணாம்பும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். குழி தோண்டி, உள்ளே புது மண் நிரப்பி நட்டாலும் சில ஆண்டுகளில் சுற்றுப்புறம் வென்றுவிடும். செடியின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், காரமான மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் அது தவிக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பூவின் நிறம் இரண்டாவது கவலை. செடியே நலமாக இல்லை.

தரையில் இன்னொரு மறைமுகச் சிக்கல், சுவர். கான்கிரீட் அடித்தளத்திலிருந்தும் சிமெண்டுப் பூச்சிலிருந்தும் சுண்ணாம்பு கசிந்து அருகிலுள்ள மண்ணைக் காரமாக்கும். வீட்டு மண் அமிலமாக இருந்தும் சுவரோரச் செடி மட்டும் இளஞ்சிவப்பாகப் பூப்பதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். கட்டட வேலை நடந்த இடத்தில் புதைந்து கிடக்கும் காரைத் துண்டுகளும் அப்படித்தான். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நடுவது நல்லது.

அலுமினியம் கலந்த நீரைத் தரையில் ஊற்றினால் அது ஹைட்ரேஞ்சியாவோடு நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அமில மண்ணில் கரைந்திருக்கும் அலுமினியம் பெரும்பாலான செடிகளின் வேர்நுனிக்கு நஞ்சு. ஹைட்ரேஞ்சியாவுக்கு அதைத் தாங்கும் திறன் இருக்கிறது; பக்கத்தில் நிற்கும் செடிக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. மீன் தொட்டிக்கோ குளத்துக்கோ வழிந்தோடும் இடமாக இருந்தால் அங்கே ஊற்றவே வேண்டாம்.

தொட்டி

சுண்ணாம்பு மண் உள்ளவர்களுக்கும், மண் எப்படிப்பட்டது என்று உறுதியில்லாதவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது தொட்டிதான். காரணம் எளிது. முப்பது நாற்பது லிட்டர் மண்கலவையை நம் விருப்பப்படி அமைக்க முடியும். தோட்டத்தையே மாற்ற முடியாது. நிறம் மாறுவதும் தொட்டியில் விரைவு. தரையில் இரண்டு மூன்று பருவம் எடுக்கும் மாற்றம் தொட்டியில் பெரும்பாலும் ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். காலையில் வெயில், மதியத்துக்கு மேல் நிழல் என்ற இந்தச் செடியின் விருப்பத்துக்கு ஏற்ப இடம் மாற்றி வைக்கவும் முடியும்.

வாய் அகலம் 40 முதல் 45 சென்டிமீட்டர், ஆழமும் ஏறத்தாழ அதே அளவு உள்ள தொட்டி வேண்டும். சிமெண்டுத் தொட்டி வேண்டவே வேண்டாம். அது சுவரோரத்தைத் தொட்டிக்குள் கொண்டுவந்ததற்குச் சமம். சுட்ட மண் தொட்டி நல்லது, ஆனால் விரைவில் காய்ந்துவிடும். வெளிர்நிற பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைக் காக்கும்.

கலவையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் மட்டும் கலந்து நிரப்பினால் செடி செழிப்பாக வளரும், பூ நீலமாகாது. இவற்றில் குறிப்பிடும்படியான அலுமினியம் கிடையாது. மண்புழு உரம் பெரும்பாலும் நடுநிலையாகவோ சற்றுக் காரமாகவோ இருக்கும். நார்க்கழிவும் நன்றாகக் கழுவப்படாவிட்டால் உப்பைக் கொண்டுவரும். சுண்ணாம்பு கலவாத செம்மண் மூன்றில் ஒரு பங்கு, கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய இலை உரமும் பைன் பட்டைத் துண்டுகளும் சேர்ந்து ஒரு பங்கு என்ற கலவையை நான் விரும்புகிறேன். செம்மண்ணில் உள்ள களிமண் துகள்கள் அலுமினியத்துக்கு ஒரு கையிருப்பு. பீட் பாசி கிடைக்கும் இடங்களில் அதைச் சேர்ப்பவர்கள் உண்டு, அதன் பி.ஹெச். 4-ஐ ஒட்டி இருப்பதால் வேலை எளிதாகும். பல ஆயிரம் ஆண்டுகளில் உருவான சதுப்பு நிலத்தை வெட்டி எடுப்பது அது என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

தொட்டியின் விலை, நம் நேரம். பெரிய இலைகள் நீரை ஏராளமாக வெளியேற்றும். வெயில் காலத்தில் தினமும், சில நாட்களில் இரு வேளையும் தண்ணீர் தேவைப்படும். ஆனால் மதியம் இலை தொங்கியதைப் பார்த்தவுடன் வாளியைத் தூக்காதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால், வெயிலின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் இலை தற்காலிகமாகத் தளர்ந்திருக்கிறது; மாலையில் தானாக நிமிரும். ஈரத்தின்மேல் ஈரமாக ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகி, அதன் பிறகு இலை நிமிரவே நிமிராது. தண்ணீர் வேண்டி வாடும் செடியும் தண்ணீர் மிகுந்து வாடும் செடியும் மேலுக்கு ஒன்றுபோலவே தெரியும். விரல்தான் வேறுபடுத்திச் சொல்லும்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டி மாற்ற வேண்டும். கடுங்குளிர் உள்ள இடங்களில் தொட்டி மண் தரையைவிட விரைவில் உறைந்துபோகும் என்பதால் அதைக் கூரையுள்ள இடத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும். பூனை, நாய், தவழும் குழந்தை உள்ள வீடுகளில் எட்டாத இடத்தில் வையுங்கள்; இந்தச் செடியின் இலையும் மொட்டும் உண்டால் வயிற்றைக் கெடுக்கும்.

தண்ணீர்

தொட்டியா தரையா என்ற முடிவைவிடவும் தண்ணீரைப் பற்றிய முடிவைத்தான் பலர் எடுப்பதே இல்லை. கிடைத்ததை ஊற்றுகிறார்கள். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினநீரில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மண்ணுக்குச் சிறிது சுண்ணாம்பு சேர்கிறது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவேதான் தொட்டி மண்ணிலும் படிகிறது. மாதக்கணக்கில் அமிலமாக்கி வைத்த கலவையை ஒரு கோடைக்காலக் கடினநீர் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். தரையில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். தொட்டியில் மிக விரைவாக நடக்கும். தொட்டியின் மிகப் பெரிய பலவீனம் இதுதான்.

மழைநீருக்கு இணை எதுவும் இல்லை. கூரைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் ஒன்றிரண்டு செடிகளுக்குப் பல வாரம் வரும். அறையைக் குளிரூட்டும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரிலும் சுண்ணாம்பு இல்லை. ஒரு செடிக்குத் துணையாகப் பயன்படும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளித்தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மற்றச் செடிகள் தாங்கலாம்; நீல ஹைட்ரேஞ்சியாவுக்கு அது கூடாது. மூல நீரில் இருந்த உப்பு முழுவதும் செறிந்து வருவது அந்த நீரில்தான். உப்பைக் கொண்டு மென்மையாக்கும் கருவியின் நீரும் சோடியம் நிறைந்தது, அதையும் தவிர்க்கவும்.

மழைநீருக்கு வழியில்லை, கிடைப்பது கடினநீர் மட்டுமே என்றால் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தைச் சிறிது கலந்து நீரின் பி.ஹெச். அளவை 5.5 முதல் 6-க்குள் கொண்டுவந்து ஊற்றலாம். ஒவ்வொரு ஊரின் நீருக்கும் அளவு மாறும் என்பதால் பி.ஹெச். தாள் கொண்டு பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

இப்போது பொடிகள்

அலுமினியம் சல்பேட், கந்தகம் ஆகிய இரண்டில் எது என்று கேட்டால், தொட்டிக்கு அலுமினியம் சல்பேட், தரைக்குக் கந்தகம் என்பது என் பதில்.

அலுமினியம் சல்பேட் இரண்டு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றுகிறது: அமிலத்தைக் கூட்டுகிறது, அலுமினியத்தையும் தருகிறது. வேகமாக வேலை செய்கிறது. அந்த வேகமே அதன் ஆபத்து. 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் கூடாது; தொட்டிக்கு அதில் பாதியிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் வெறும் நீரை ஊற்றி மண்ணை நனைத்துவிட்டு, பிறகு கரைசலை வேர்ப் பரப்பில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். இலையில் படக் கூடாது. துளிர் விடும் காலத்தில் தொடங்கி, மொட்டு நிறம் பிடிப்பதற்குள் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். நட்டுச் சில மாதங்களே ஆன இளஞ்செடிக்கு வேண்டாம். வேர் பிடித்து நன்றாக வளர்ந்த பிறகு தொடங்கலாம்.

கந்தகத் தூள் நேரடியாக எதுவும் செய்வதில்லை. மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா அதைச் சிறிது சிறிதாகக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. அதற்கு வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் தேவை. நீர் தேங்கும் மண்ணிலும் குளிர்ந்த மண்ணிலும் வேலை நின்றுவிடும். பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். ஆனால் ஒரே அளவு பி.ஹெச். குறைய, கந்தகம் ஒரு பங்கு தேவையென்றால் அலுமினியம் சல்பேட் ஏறத்தாழ ஆறு பங்கு தேவைப்படும். அவ்வளவு உப்பைத் தோட்ட மண்ணில் கொட்டுவது நல்லதல்ல. தரையில் அலுமினியம் ஏற்கெனவே இருக்கிறது, அமிலம் மட்டுமே குறை. அந்தக் குறையைக் கந்தகம் சிக்கனமாகத் தீர்க்கிறது. மண் இல்லாத தொட்டிக் கலவையில் கந்தகம் மட்டும் போட்டால் நீலம் வராது. கரைப்பதற்கு அங்கே அலுமினியம் ஏது?

படிகாரமும் வேலை செய்யும். அதிலும் அலுமினியம் இருக்கிறது, எடையில் ஏறத்தாழ 6 சதவீதம். அலுமினியம் சல்பேட்டில் 8 சதவீதத்துக்கு மேல். கிடைப்பது எளிது என்பதால் தொட்டிச் செடிக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நன்றாகப் பொடித்து, முழுவதும் கரைந்த பிறகு, அதே எச்சரிக்கைகளோடு ஊற்ற வேண்டும்.

மற்றவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம். துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது நெடுங்கால நம்பிக்கை. இரும்பு இந்தப் பூவை நீலமாக்காது. வடிகட்டிய காப்பித்தூள் சக்கை பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே இருக்கும், அமிலம் நீரோடு போய்விட்டது. வினிகர் ஊற்றினால் சில நாட்களுக்கு பி.ஹெச். இறங்கி மறுபடி ஏறிவிடும்.

போடுவதைவிடப் போடாமல் இருப்பது முக்கியம் என்று சொல்லத் தோன்றுவது உரத்தில்தான். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூக்கும் செடி என்றாலே எலும்புத்தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் போடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. நீல ஹைட்ரேஞ்சியாவுக்கு அது நேர் எதிரான வேலை. மரச்சாம்பலும் முட்டை ஓட்டுத் தூளும் மண்ணைக் காரமாக்கும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூடுதலாக, மணிச்சத்து குறைவாக உள்ள உரத்தைத் தேர்ந்தெடுங்கள். தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட்டைக் குறைந்த அளவில் பயன்படுத்தினால் அது மண்ணைச் சற்று அமிலமாக்கவும் உதவும். தழைச்சத்து அளவு மீறினால் இலை மட்டும் தளதளவென்று வளரும், மொட்டு குறையும்.

எந்த வகை நீலமாகும்

எல்லா ஹைட்ரேஞ்சியாவும் நிறம் மாறாது. ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட மேக்ரோஃபில்லா இனமும், அதன் நெருங்கிய உறவான செர்ராட்டா என்ற மலை இனமும்தான் நீலமாகும். பேனிகுலாட்டா, ஆர்போரெசென்ஸ் இனங்களுக்கு எதைப் போட்டாலும் நீலம் வராது. மேக்ரோஃபில்லாவிலும் வெள்ளை வகைகளில் நிறமி இல்லாததால் மாற்றம் இல்லை. அடர் சிவப்பு வகைகள் ஊதா வரை வரும், தெளிந்த நீலத்துக்கு வருவது அரிது.

பந்துபோல் பூக்கும் வகைகளில் 'நிக்கோ புளூ' எளிதில் நீலமாகும், வெளிர் நீலம். 1909-இல் பிரான்சில் உருவான 'ஜெனரால் விகோம்டெஸ் டி விப்ரே' வானத்து நீலத்துக்குப் பெயர் பெற்றது. தட்டையாக, நடுவில் மணிமணியான சிறு பூக்களும் ஓரத்தில் இதழ் விரித்த பூக்களுமாக அமையும் வகைகளில் 'மாரீசி பெர்ஃபெக்டா', கருந்தண்டு கொண்ட 'ஸோரோ' இரண்டும் நல்லவை. தொட்டிக்கு எனக்குப் பிடித்தது செர்ராட்டா இனத்து 'புளூபேர்ட்'. உருவம் அடக்கமானது, பூவின் எடையால் தண்டு சாயாது.

முதிர்ந்த தண்டில் மட்டுமல்லாமல் புதுத் தண்டிலும் பூக்கும் 'எண்ட்லெஸ் சம்மர்' 2004-இல் சந்தைக்கு வந்தது. பின்பனியால் மொட்டு கருகும் இடங்களில் அது பெரிய ஆறுதல். மற்ற மேக்ரோஃபில்லா வகைகளில் பெரும்பாலானவை முந்தைய பருவத்துத் தண்டில்தான் பூக்கும். பூ முடிந்தவுடன் காய்ந்த தலையை அடியில் உள்ள முதல் பருத்த மொட்டு இணைக்கு மேலே வெட்டுவதோடு கவாத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு காலம் தாழ்த்தித் தண்டை வெட்டினால் அடுத்த பருவத்துப் பூவை வெட்டியதாகிவிடும்.

பூமொட்டு உருவாகக் குளிர்ச்சியும் வேண்டும். இரவு வெப்பம் சில வாரங்களாவது 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காத இடங்களில் செடி பச்சைப் பசேலென்று வளர்ந்து பூக்காமல் நிற்கக்கூடும். அதைத் தரையும் தொட்டியும் மாற்ற முடியாது. அங்கே மொட்டோடு வாங்கிய செடியை ஒரு பருவத்துக்கு அனுபவிப்பதே நடக்கக்கூடியது.

என் முடிவு

அமில மண், நல்ல மழை, இடவசதி மூன்றும் இருந்தால் தரை. சுண்ணாம்பு மண் என்றால் தொட்டி, மழைநீர், பாதி அளவு அலுமினியம் சல்பேட். சுண்ணாம்பு மண்ணோடு கடினநீரும் சேர்ந்து, மழைநீர் பிடிக்க வழியும் இல்லை, ஒவ்வொரு முறையும் சிட்ரிக் அமிலம் கலந்து ஊற்றவும் முடியாது என்றால், நீலத்தை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகவே வளரவிடுங்கள் என்பேன். மண்ணோடு மல்லுக்கு நின்று வாடிய செடியில் பூக்கும் மங்கிய ஊதாவைவிட, செழித்து நிற்கும் செடியின் இளஞ்சிவப்பு எத்தனையோ மேல். அப்போதும் இலை மஞ்சளாகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், விரிந்த பூ மாறும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் கொடுப்பது அடுத்து உருவாகும் பூவில்தான் தெரியும்.

மண் இரண்டுங்கெட்டானாக, 6-ஐ ஒட்டி இருந்து முடிவெடுக்க முடியாவிட்டால் இரண்டையும் செய்து பார்க்கலாம். பூ இல்லாத இளந்தண்டில் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கி, ஈர மணல் கலந்த நார்க்கழிவில் நிழலில் ஊன்றிவையுங்கள். மூன்று நான்கு வாரங்களில் வேர் விடும். ஒரே தாய்ச்செடியின் இரண்டு கன்றுகளில் ஒன்றைத் தரையிலும் மற்றதைத் தொட்டியிலும் வளர்த்து, இரண்டும் பூக்கும் பருவத்தில் தாய்ச்செடிக்கு இடம் முடிவு செய்யலாம்.